வெனிஸும் 85,000 மார்க்கும்: வியாபாரமா, வழிப்பறியா?

உப்பங்கழி:
"வெனிஸ் யார் வம்புக்கும் போகாத வணிகக் குடியரசு. 1204ல் பைசாந்தியப் பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள் சூறையாடப்பட்டது முழுக்க சிலுவைப்படையின் குற்றம்" என்று ஒருவர் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1201ல் அந்தப் படையைக் கப்பலில் ஏற்றிப்போக 85,000 மார்க் வெள்ளிக்கு (மார்க் என்பது அக்கால எடை அளவு) ஒப்பந்தம் போட்டு அதன் கழுத்தில் சுருக்கு மாட்டியது யார்? வெனிஸின் தலைவர் தந்தோலோதானே?

கணக்கப்பிள்ளை:
அந்த "ஒருவர்" நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ஆளுக்கு 2 மார்க், குதிரைக்கு 4 மார்க். 33,500 பேர், 4,500 குதிரைகள். பெருக்கிக் கூட்டுங்கள், சரியாக 85,000 வரும். இத்தனை பேர் வருவார்கள் என்று சொன்னது பிரெஞ்சுப் பிரபுக்களின் தூதர்கள். அதை நம்பி வெனிஸ் கப்பல் கட்டியது. வந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 34,000 மார்க் பாக்கி. கட்டிய கப்பலை ஊறுகாய் போடுவதா?

உப்பங்கழி:
பாக்கிக்காக அட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்த ஜாரா நகரை அடிக்கச் சொல்வதா? 1202 நவம்பரில் பிடித்தார்களே, அது கிறிஸ்தவ நகரம். அதன் காவலரான ஹங்கேரி மன்னரே சிலுவைப்போருக்கு உறுதி எடுத்தவர். போப் மூன்றாம் இன்னசென்ட் தடுத்தும் யாரும் கேட்கவில்லை. 85,000 அநியாய விலை, அதுதான் வேர்.

புதுவாசகன்:
ஒரு சந்தேகம். 1297க்குப் பிறகு வெனிஸை ஆண்ட பெரிய சபை சில குடும்பங்களுக்கு மட்டும் என்றாகிவிட்டதே, அதைக் குடியரசு என்று சொல்லலாமா?

கணக்கப்பிள்ளை:
தம்பி, அது வேறு கதை. அநியாய விலை என்றால் நியாய விலை எவ்வளவு, உப்பங்கழி? எண் சொல்லுங்கள்.

லிகூரியன்:
நான் சொல்கிறேன். 1190ல் பிரெஞ்சு மன்னர் பிலிப்பின் சிலுவைப்படையை ஏற்றிப்போக வெனிஸின் போட்டி நகரான ஜெனோவா கேட்டது 5,850 மார்க். 650 குதிரைவீரர், 1,300 உதவியாளர், 1,300 குதிரைகள்.

கணக்கப்பிள்ளை:
வந்துட்டார் ஜெனோவா வக்கீல்! உதவியாளர், குதிரை எல்லாம் சேர்த்து ஒரு குதிரைவீரருக்கு 9 மார்க் ஆகிறது. வெனிஸ் கணக்கில் ஒரு வீரர், இரண்டு உதவியாளர், ஒரு குதிரை சேர்த்து 10. ஜெனோவா தந்தது 8 மாத உணவு. வெனிஸ் ஓராண்டுக்குக் கப்பல் தந்தது, தன் செலவில் 50 போர்க்கப்பல்களும் அனுப்பியது. ஒரு மார்க் கூடினதுக்கா இவ்வளவு கூச்சல்?

லிகூரியன்:
ஜெனோவாவில் வீரருக்கு இரண்டு குதிரை. உங்கள் ஆள் கொடுத்தது ஒன்று. அதை ஏன் விழுங்கினீர்கள்?

கணக்கப்பிள்ளை:
போன மாதம் பைசா நகரம் பற்றிய விவாதத்தில் பாதியில் ஓடியவர் பேசுகிறார். 1380ல் கியோஜ்ஜா போரில் வெனிஸிடம் சரணடைந்தது யார் என்றும் சொல்லுங்களேன்.

லிகூரியன்:
1298ல் குர்சோலா கடற்போரில் ஜெனோவாவிடம் தோற்றது யார்?

உப்பங்கழி:
உங்கள் பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். 1171ல் பைசாந்தியப் பேரரசர் மனுவேல் வெனிஸ்காரர்களைக் கூண்டோடு சிறைபிடித்தார். தூது போன தந்தோலோவின் கண்ணையும் பறித்தார் என்பார்கள். முப்பது வருட வஞ்சம், 85,000 வெறும் சாக்கு.

கணக்கப்பிள்ளை:
கண் கதை கட்டுக்கதை. 1174ல் அவர் தெளிவாகக் கையெழுத்திட்ட ஆவணமே இருக்கிறது. கான்ஸ்டான்டிநோபிளுக்கு அழைத்துப் போனது பைசாந்திய இளவரசன் அலெக்ஸியோஸ். அரியணை ஏற்றினால் 2,00,000 மார்க், 10,000 வீரர் தருகிறேன் என்றான், முழுதாகத் தரவில்லை. அங்கேயும் பாக்கி! வாக்குக் கொடுத்தவன் எல்லாம் யோக்கியன், பில் போட்டவன் மட்டும் திருடன்.

உப்பங்கழி:
பில் போட்டவர் பேரரசில் எட்டில் மூன்று பங்கு எடுத்துக்கொண்டார். நான்கு வெண்கலக் குதிரைகளைக் கொண்டுபோய் புனித மார்க் தேவாலயத்தில் நிறுத்தினார். அதுவும் பில்லில் இருந்ததா?

கணக்கப்பிள்ளை:
1797ல் நெப்போலியன் அதே குதிரைகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோனாரே, அவரைக் கேளுங்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை: 85,000ல் எந்த மார்க் அநியாயம்?

புதுவாசகன்:
என் கேள்வி...

லிகூரியன்:
இரண்டு குதிரை. பதில் சொல்லாமல் நகர விடமாட்டேன்.

கணக்கப்பிள்ளை:
முதலில் பெருக்கக் கற்றுக்கொண்டு வாருங்கள்.