மறுமொழி: கிளைக்கன் என்பதற்குக் ‘கிளையம்’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

புரதங்களின் மீதும் செல்களின் புறப்பரப்பிலும் தொடர்தொடராகக் கோக்கப்பட்டிருக்கும் சர்க்கரைகளைக் குறிக்கும் ‘கிளைக்கன்’ (glycan) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக நண்பர் முன்வைத்த ‘கூட்டுச்சர்க்கரை’ வேதியியல்படி பிழையற்றதே. ஆயினும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கிருஷ்ணகிரியில் கிரானைட் அறுக்கும் தொழிலாளர்களுக்காக எழுதிய நுரையீரல் நலக் கையேட்டில், சளியின் கொழகொழப்புக்கு அதிலுள்ள சர்க்கரைகளும் காரணம் என்று எழுதியிருந்தேன். படித்தவர் ஒருவர், “அப்படியானால் எனக்குச் சர்க்கரை வந்துவிட்டதா, இனி மாம்பழம் தொடக்கூடாதா?” என்று கேட்டார். நம் பேச்சில் சர்க்கரை என்பது நோயின் பெயராகிவிட்டது. பிழை அவருடையதன்று, என் சொல்லுடையது.

ஆகவே ‘கிளையம்’ என்று முன்மொழிகிறேன். ஒலி மூலச்சொல்லுக்கு அருகில் இருப்பது தற்செயல்தான், பொருளே முதன்மை. இங்கே சித்திரை மாதத்தில் வீட்டுத் திண்ணைகளில் புளி தட்டிக் குவிக்கும் கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, மாவாக்கிக் கொதிக்கவைத்தால் கிடைக்கும் பசை, குளுக்கோஸ் தண்டில் சைலோஸ், கேலக்டோஸ் என்னும் சர்க்கரைகள் கிளைத்த மூலக்கூறுதான். நாக்கில் வைத்தால் துளியும் இனிக்காது. மூச்சுக்குழாய்ச் சளியிலுள்ள மியூசின் என்னும் புரதத்திலும் எடையில் பாதிக்கு மேல் இத்தகைய கிளைகளே. அவை நீரைப் பிடித்துவைப்பதால்தான் சளி வழுவழுப்பாக இருந்து தூசியையும் கிருமியையும் சிக்கவைக்கிறது. இன்ஃபுளுயன்சா வைரஸ் பற்றிக்கொள்வது கிளையின் நுனியிலுள்ள சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரையை. பெருகி வெளியேறுகையில் அந்த நுனியை நியூராமினிடேஸ் என்னும் நொதியால் வெட்டித் தன்னை விடுவித்துக்கொள்கிறது. அந்தக் கத்தரியை முடக்குவதே ஒசெல்டாமிவிர் மருந்தின் வேலை. கிளை, நுனி, வெட்டு என்ற சொற்களே பாதி விளக்கத்தைத் தந்துவிடுகின்றன.

ஹயலுரானிக் அமிலம் என்னும் சர்க்கரைத்தொடர் கிளையற்ற நேர்த்தொடராயிற்றே, அதையும் கிளையம் எனலாமா என்று கேட்பீர்கள். நியாயமான தடைதான். நுரையீரலில் நீளமாக இருக்கும்வரை நீரைத் தாங்கி அமைதி காப்பதும், துண்டு துண்டாகச் சிதைந்தபின் அழற்சியைத் தூண்டுவதுமான அதை விட்டுவிட்டு இத்துறையைப் பேச முடியாது. ஆனால் ‘கேளும் கிளையும்’ என்னும்போது கிளை சுற்றத்தையும் குறிக்கிறது. அந்த உறவுமுறையில் அதுவும் உள்ளே வரட்டும்.

சர்க்கரைக் கிளைகள் ஒட்டிய புரதமான கிளைக்கோபுரோட்டீனைக் ‘கிளையப்புரதம்’ என்றும், புரதத்தில் நீண்ட சர்க்கரைத்தொடர்கள் கோத்த புரோட்டியோகிளைக்கனைப் ‘புரதக்கிளையம்’ என்றும் முன்பின் மாற்றியே பிரித்துவிடலாம். மியூசினைச் ‘சளிப்புரதம்’ என்பதா, ‘சளியம்’ என்பதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. குழுவிலுள்ள மருத்துவர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.