சிக்குன்குனியாவுக்குப் பிறகு கட்டையைப் பிடிக்க முடியவில்லை: போலியோ பாதித்தவருக்கு என்ன செய்யலாம்?

தங்கச்சிமடம்_கடலோரம்:
அண்ணனுக்கு வயது 46. சின்ன வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பியவர். இரண்டு அக்குள் கட்டை வைத்து நடப்பார். உட்கார்ந்து வலை பழுது பார்க்கும் வேலை. சிக்குன்குனியா காய்ச்சல் விட்டு நான்கு மாதமாகியும் காலையில் மணிக்கட்டும் விரல்களும் வீங்கி விறைத்துக்கொள்கின்றன. நல்ல காலும் முன்போல் தாங்கவில்லை என்கிறார். மருந்துக்கடை மாத்திரை போட்டால் இரண்டு நாள் சுகம், விட்டால் பழையபடி. தினமும் நடந்தால் சரியாகும் என்று சொந்தக்காரர்கள் விரட்டுகிறார்கள். நடக்கவிடலாமா?

இயன்முறை_ராம்நாடு:
விரட்ட வேண்டாம். கட்டையில் நடப்பவருக்கு உடல் எடை மணிக்கட்டு வழியாகத்தான் இறங்குகிறது. அங்கே வலித்தால் தன்னை அறியாமலே அக்குளில் தொங்குவார். அந்த இடத்தில் நரம்பு நசுங்கினால் மணிக்கட்டைத் தூக்கவே முடியாமல் போகும். வீக்கம் வடிந்த பிறகும் பிடி வராது.

முதலில் கட்டையின் அளவைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும்போது அக்குளுக்கும் மேல் திண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருந்தால் முழங்கை லேசாக மடங்கும். பிடி மெல்லிசாக இருந்தால் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிமனாக்குங்கள், விரலை முழுக்க மடக்காமல் பிடிக்கலாம். அதைவிட நல்லது, முன்கையைக் கிடத்தி ஊன்றும் கட்டை. எடை மணிக்கட்டுக்குப் போகாது. அடி ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். மீன் இறக்கும் ஈரத் தரையில் வழுக்கும்.

சக்கர நாற்காலி வாங்கித் தரலாம் என்று நினைத்தால், கையால் தள்ளுவது வேண்டாம். அதுவும் அதே மணிக்கட்டைத்தான் கேட்கும்.

மருத்துவர்_கீழக்கரை:
இங்கே இரண்டு விஷயம் கலந்திருக்கலாம். காலை விறைப்பும் வீக்கமும் சிக்குன்குனியா மூட்டுவலி; மூன்று மாதம் தாண்டினால் நாள்பட்ட நிலை. ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டு ரத்தப் பரிசோதனையும் எடுத்து, முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டுநோய்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல கால் தளர்வது, போலியோவுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து வரும் பின்விளைவாகவும் இருக்கலாம். அதில் அளவு மீறிய உடற்பயிற்சி இருக்கிற தசையையும் கெடுக்கும். இன்று செய்த வேலையின் அசதி மறுநாள் காலையிலும் தீரவில்லையா, அளவைப் பாதியாக்குங்கள். மூச்சுத் திணறலோ விழுங்கச் சிரமமோ புதிதாக வந்தால் தாமதிக்கக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை அந்த மாத்திரை. கடையில் கலந்து தரும் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. சூம்பிய காலில் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும். ஸ்டீராய்டு அதை இன்னும் மெலிதாக்கும். ஒருமுறை விழுந்தால் முறிவுதான். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. அட்டை, பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

தங்கச்சிமடம்_கடலோரம்:
நன்றி ஐயா. ஒத்தடத்துக்கு ஐஸா, வெந்நீரா?

இயன்முறை_ராம்நாடு:
மூட்டு தொட்டால் சூடாக, வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிடம். வெறும் விறைப்பு என்றால் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து விரலை மெல்ல மடக்கி நீட்டச் சொல்லுங்கள். போலியோ காலில் ஐஸ் வேண்டவே வேண்டாம், அந்தக் கால் குளிர் தாங்காது.

மண்டபம்_களப்பணி:
முன்கைக் கட்டைக்கு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். அடையாள அட்டை நகலோடு மருத்துவர் சீட்டையும் வையுங்கள். வீட்டுக்கே வந்து பயிற்சி தர, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கேட்கலாம். வீட்டில் குடிநீர் டிரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும். டெங்குவும் அதே கொசுவால்தான் வருகிறது.