"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார்"னு ட்ரெய்னிங்ல சேர்க்கல, என்ன பண்றது?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 47 வயசு, ஒரே கம்பெனியில 19 வருஷமா அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். போன மாசம் புது சாஃப்ட்வேருக்கு ட்ரெய்னிங் லிஸ்ட் வந்துச்சு, எங்க டீம் எட்டு பேர்ல விட்டுப்போன ரெண்டு பேரும் 45 தாண்டினவங்க. மேனேஜர்கிட்ட கேட்டா "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இந்த தலைவலி, சின்னப் பசங்க பாத்துக்குவாங்க"ன்னு தோள்ல தட்டிட்டு போயிட்டார். நல்ல மனுஷன்தான், மரியாதையாத்தான் பேசுவார், அதனாலயே என்ன சொல்றதுன்னு வாய் வரல. ஆனா அடுத்த வருஷம் முழு வேலையும் அந்த சாஃப்ட்வேர்லதானாம், அப்ப நான் எங்க போறது? தூக்கமே வரல.

பதில் 1:
சார், அவர் அன்பா சொன்னாரா வேற மாதிரி சொன்னாரான்னு யோசிச்சு மண்டைய உடைச்சுக்காதீங்க. இன்னைக்கு ட்ரெய்னிங் இல்ல, நாளைக்கு "இவருக்கு புது சிஸ்டம் தெரியாது"ன்னு அப்ரைசல்ல எழுதுவாங்க, எனக்கு அப்படித்தான் நடந்துச்சு. நான் வாயால மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தேன், கடைசியில நான் கேட்டதுக்கே சாட்சி இல்ல. நீங்க இன்னைக்கே ரெண்டு வரி மெயில் போடுங்க: "இந்த ட்ரெய்னிங் என் வேலைக்கு தேவை, என்னையும் சேர்த்துக்கோங்க, முடியாதுன்னா காரணம் சொல்லுங்க." வயசுங்கற வார்த்தையே இப்ப வேணாம். அவர் சொன்னத தேதி, நேரம், அப்படியே அதே வார்த்தையோட வீட்டு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, ஆபீஸ் லேப்டாப்ல வேணவே வேணாம், வேலை போனா அதுவும் கையவிட்டு போயிடும்.

பதில் 2:
நான் எச்.ஆர்.ல இருக்கேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் சார். வேலையில வயச வச்சு ஒதுக்கக்கூடாதுங்கற அமெரிக்காவோட 1967 சட்டம் 40 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களுக்குத்தான், பிரிட்டன்ல 2010 சமத்துவச் சட்டம் எல்லா வயசுக்கும் பொருந்தும், சின்ன வயசுன்னு ஒதுக்கினாலும் தப்புதான். ஒண்ணு மட்டும் கெஞ்சி கேக்குறேன், அவசரப்பட்டு ராஜினாமா பண்ணாதீங்க, நீட்டுற பேப்பர்ல அங்கயே கையெழுத்தும் போடாதீங்க. அமெரிக்காவுல வயசு விஷயமா கேஸ் போட மாட்டேன்னு எழுதி வாங்கணும்னாகூட ஒருத்தருக்கு யோசிக்க 21 நாள், கூட்டமா ஆள் குறைச்சா 45 நாள் தரணும், கையெழுத்து போட்ட பிறகும் 7 நாளுக்குள்ள வாபஸ் வாங்கலாம். உங்க ஊர் சட்டம் என்னன்னு ஒரு தொழிலாளர் வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

பதில் 3:
அண்ணா எனக்கு 24. என்னைய "உனக்கென்ன அனுபவம்"னு கிளையன்ட் மீட்டிங்ல உக்காரவே விடமாட்டாங்க, அதனால உங்க வலி புரியுது. ட்ரெய்னிங் லிஸ்ட்ல இருக்குற பசங்க யார்கிட்டயாவது பாடக்குறிப்பு கேளுங்க, கண்டிப்பா தருவாங்க, எங்களுக்கு வருஷக் கடைசி கணக்கு முடிக்க சொல்லித்தர்றது உங்கள மாதிரி ஆளுங்கதானே.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். காலைல மெயில் போட்டேன், என்கூட விட்டுப்போனவரும் தனியா போட்டார். "அடுத்த பேட்ச்ல பாக்கலாம்"னு ஒரு வரி பதில் வந்திருக்கு, தேதி இல்ல. திங்கக்கிழமை தேதி கேட்டு இன்னொரு மெயில் போடுறேன்.