மறு: படகு இஞ்சினை வீட்டில் வைக்கும் ‘நிலை’க்கு என்ன சொல்?

> தமிழாக்கும் படகு இஞ்சின் கையேட்டில், கழற்றிய இஞ்சினை எப்படி வைப்பது என்று சொல்லும் பகுதிக்கு ‘சேமிப்பு நிலைப்பாடு’ என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். பொருந்துமா? வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

தம்பி,

பொருந்தாது. நிலைப்பாடு என்றாலே கட்சித் தலைவர் ஒருவர் மைக் முன்னால் வந்து நிற்கிறார். சேமிப்பு என்றால் அஞ்சலகப் பாஸ்புத்தகம். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர் ஏதோ மானியத் திட்டம் வந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்.

இரண்டு நாளாகக் குழுவில் வந்த மற்ற சொற்களையும் பார்த்தேன். ‘தடைக்கால நிலை’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வரும் 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு. பின்பலகையில் இஞ்சின் மாட்டிய ஃபைபர் வள்ளம் அப்போதும் கடலுக்குப் போகும். அந்த இஞ்சின் நாள்கணக்கில் வீட்டில் கிடப்பது ஆடிக் காற்றிலும், ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வரும்போதும்தான். மூலக் கையேட்டில் ‘குளிர்காலம்’ என்று இருப்பதற்குக் காரணம் வேறு. அந்தக் குளிர்நாட்டில் ஏரி உறைந்துவிடும். இஞ்சினைத் தூக்கிய நிலையில் விட்டால் படகைத் தள்ளும் விசிறியின் குடத்தில் மழைத் தண்ணீர் தேங்கும், அது உறைந்து விரிந்து உலோகத்தைப் பிளக்கும். நமக்குப் பனி இல்லை, உப்பு இருக்கிறது. இரண்டு ஊரிலும் தண்ணீர் உள்ளே நிற்கக் கூடாது என்பதுதான் விஷயம். சொல்லையும் அங்கிருந்துதான் பிடிக்க வேண்டும்.

‘செங்குத்து வைப்பு’, ‘கிடைமட்ட வைப்பு’ என்று எழுதியவருக்கு ஒரு கேள்வி. கிடைமட்டம் என்றால் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். இஞ்சினை அப்படிப் படுக்கவைக்கவே கூடாதே! எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

சித்தப்பா மகனிடம் 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் இஞ்சின் ஒன்று இருந்தது. எடை நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின். காற்று கிளம்பிய அன்று அவசரமாகக் கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றினான். சிலிண்டர் இருக்கும் தலைப்பக்கம் கீழே சாக்குமேல், விசிறிப் பக்கம் பின்கதவின் விளிம்பில் தூக்கிக்கொண்டு. வீட்டுக்கு வந்து தாழ்வாரத்திலும் அதே மாதிரி, தலை தரையில், விசிறி மாட்டிய நீண்ட கால் திண்ணைமேல். மூன்று வாரம் கழித்துக் கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிளக்கைக் கழற்றினேன். காப்பி நிறத்தில் துருத் தண்ணீர் என் கையில் வழிந்தது.

காரணம் எளிது. புகை போகும் வழியும் குளிர்விக்கும் தண்ணீர் போகும் வழியும் அந்த நீண்ட காலுக்குள்தான் இருக்கின்றன. அங்கே மிச்சம் இருக்கும் கடல் தண்ணீர், விசிறி மேலே போனால் தலையை நோக்கி ஓடும். புகைத் துவாரம் வழியாக நேரே சிலிண்டருக்குள். அதனால் முதலில் நல்ல தண்ணீர் டிரம்மில் ஓட்டி உப்பைக் கழுவி, கொஞ்ச நேரம் நிறுத்தியே வைத்துத் தண்ணீரை வடிய விட வேண்டும். அப்புறமும் நிறுத்தியே வைப்பது நல்லது, ஒரு ஸ்டாண்டில். படுக்கவைத்தே தீர வேண்டும் என்றால் தலை எப்போதும் விசிறியைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ஒரு மடித்த சாக்கின் உயரமாவது.

ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் இன்னொரு சிக்கல். அதன் வயிற்றில் தனியாக ஆயில் இருக்கிறது. தப்பான பக்கம் சாய்த்தால் ஆயில் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி மேலே போகும், அல்லது காற்று இழுக்கும் வழியில் புகும். அதனால்தான் கையேட்டில் இன்ன பக்கம்தான் என்று படம் போடுகிறார்கள். சிறிய இஞ்சின்கள் பலவற்றில் அந்தப் பக்கம் தரையில் ஊன்றுவதற்கென்றே முண்டுகள் இருக்கும். கார்புரேட்டரில் பெட்ரோலை ஓட்டித் தீர்ப்பது, கியர் ஆயில் பால் நிறமாக இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அடுத்த பகுதியில் வருகிறது, அங்கே சொல் சிக்கல் ஏதும் இல்லை.

ஆக நமக்கு வேண்டியவை இரண்டு சொல். எந்தப் பக்கமாக இருக்கிறது என்பதற்கு ஒன்று, எந்தப் பக்கம் சாய்வு என்பதற்கு ஒன்று.

முதலாவது நம் வாயிலேயே இருக்கிறது. நெட்டுவாக்கு, குறுக்குவாக்கு என்கிறோம் இல்லையா? நின்றவாக்கு, ஒருக்களித்தவாக்கு, மல்லாந்தவாக்கு என்று எழுதினால் யாருக்கும் படமே வேண்டாம். ஆனால் ‘வாக்கு’ தனியாக நின்றால் தேர்தல் வந்துவிடும். ‘வைப்பு வாக்கு’ என்று ஒருவர் போட்டிருந்தார். டெபாசிட் பறிபோன வேட்பாளர் நினைவுதான் எனக்கு வந்தது. அதை ஒட்டுச் சொல்லாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

இரண்டாவதற்கு என் முன்மொழிவு வாட்டம். குளித்த தண்ணீர் குளியலறை மூலையில் தேங்கினால் என்ன சொல்கிறோம்? ‘கொத்தனார் வாட்டம் வைக்கவில்லை’ என்கிறோம். சரிவு என்றால் வெறும் சரிவு. வாட்டம் என்றால் தண்ணீர் ஓடி வெளியேறுவதற்கென்று வைத்த சரிவு. அதோடு ‘கைக்கு வாட்டமாக’ என்ற பொருளும் சேர்கிறது. நாற்பது கிலோவைத் திரும்பத் தூக்கப் போகிறவனுக்கு அதுவும் முக்கியம்தானே.

எனவே தலைப்பு: கிடப்பு வாட்டம். அதன்கீழ் வாக்கியம் இப்படி இருக்கலாம்:

“இஞ்சினை நின்றவாக்கில் வைக்கவும். முடியாதபோது, தண்ணீர் முழுதும் வடிந்தபின், குறிப்பிட்ட பக்கம் ஒருக்களித்தவாக்கில், விசிறிப் பக்கம் வாட்டமாக வைக்கவும்.”

> ஐயா, வாட்டம் என்றால் வாடுவது என்று படிக்க மாட்டார்களா? பயிர் வாட்டம், முக வாட்டம் எல்லாம் இருக்கிறதே. ‘கிடப்பு’ என்றால் ஃபைல் கிடப்பில் கிடக்கிற நினைவு வருகிறது. மேலும் நின்றவாக்கில் இருப்பதை ‘கிடப்பு’ என்பது முரண் இல்லையா?

கொத்தனாரிடம் வாட்டம் வை என்றால் அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வதில்லை. இடத்தைப் பொறுத்துப் பொருள் வரும்.

கிடப்புக்கு வருவோம். கிடப்பது படுப்பது மட்டும் இல்லை. மழைக்கு ஒதுங்கி ஓரமாக நிற்கிற சைக்கிளையும் ‘சும்மா கிடக்கிறது’ என்றுதான் சொல்கிறோம். நின்றாலும் கிடப்புதான். ஃபைல் நினைவு வந்தால் வரட்டும், வேலையின்றி ஓரமாக வைத்தது என்ற பொருள் அதிலும் அப்படியே இருக்கிறது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தனியே ‘வாட்டம்’ என்று அட்டவணையில் போட்டால் குழப்பம் வரும். அங்கே ‘வடிவாட்டம்’ என்று எழுதுங்கள், வடிவதற்கான வாட்டம். தொடரில் வரும்போது வெறும் வாட்டம் போதும்.

அப்புறம், இஞ்சினுக்கே கையேட்டில் மூன்று பெயர் இருக்கிறது. இலங்கையில் ‘வெளியிணைப்பு இயந்திரம்’ என்று எழுதுகிறார்கள், செய்தித்தாளிலும் அதுதான். கச்சிதமான சொல். முதல் பக்கத்தில் அதைச் சொல்லிவிட்டு, பிறகு இஞ்சின் என்றே ஓட்டுங்கள், கரையில் யாரும் அதை இயந்திரம் என்று கூப்பிடுவதில்லை.

பக்கவாட்டு முண்டுக்கு நீங்கள் போட்டிருக்கும் ‘ஓய்வுத் திண்டு’ வேண்டாம் தம்பி, மாப்பிள்ளை வந்து சாய்ந்துகொள்வார். ‘தாங்குமுண்டு’ என்று போடுங்கள்.