‘பிரபஞ்ச பாஷ்’ திரையிடல்: வேகம், தமிழ் வாசகம், மேளம்

முத்தியால்பேட்டை_சபை:
வணக்கம். பிரான்ஸ் ஓஸ்டன் இயக்கி, ஹிமான்ஷு ராய் தயாரித்த 1929ஆம் ஆண்டு மௌனப் படத்தைப் புதுச்சேரியில் ஒரு சின்ன அரங்கில் போடுகிறோம். இரண்டு ராஜாக்கள், ஒரு முனிவரின் மகள், சூது, கொலை, வீண்பழி என்று போகும் கதை. பாரதக் கூத்து பார்த்துப் பழகிய பெரியவர்கள் நிறைய வருவார்கள். கைவசம் உள்ள பிரதியில் ஆட்கள் துள்ளித் துள்ளி நடக்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது? காட்சிகளுக்கு நடுவே வரும் ஆங்கில வாசக அட்டைகளுக்கு என்ன வழி? கூத்து மேளக்காரர்களை வாசிக்கச் சொல்லலாமா?

ரீல்பெட்டி:
முதலில் விஎல்சி வீடியோ பிளேயரில் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக, நகர்த்திப் பாருங்கள். ஆறு ஃபிரேமுக்கு ஒருமுறை அதே படம் திரும்ப வந்தால், நொடிக்கு 20 ஃபிரேம் வேகத்தை 24க்கு ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள். அதில் கை வைக்காதீர்கள். எல்லா ஃபிரேமும் புதிதாக வந்தால் மாற்றாமல் அப்படியே ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்; வேகத்தை 0.83க்குக் குறையுங்கள். அப்போதும் பரபரப்பு தெரிந்தால் 0.75, அதாவது 18 ஃபிரேம். நடையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், நடிகர் வேண்டுமென்றே விரைந்திருக்கலாம். குதிரைக் குளம்பில் கிளம்பும் புழுதி எப்படி அடங்குகிறது என்று பாருங்கள், அது பொய் சொல்லாது.

இன்னொன்று, படத்தின் அகல உயர விகிதம் 4:3. புரொஜெக்டர் அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் முகமெல்லாம் உப்பிப்போகும். 12 அடி அகலமுள்ள 16:9 திரையில் படம் 9 அடிதான் வரும். இரண்டு பக்கமும் மிஞ்சுகிற ஒன்றரை அடியைக் கறுப்புத் துணியால் மூடுங்கள்.

வாசகஅட்டை:
ஆங்கில அட்டையை வெட்டிவிட்டுத் தமிழ் அட்டை ஒட்ட வேண்டாம். நீளம் மாறினால் மேளக்காரர் குறித்து வைத்த நேரமெல்லாம் தப்பும். அட்டைக்குக் கீழேயே இரண்டு வரித் தமிழ் போதும். அட்டை திரையில் நிற்கிற நேரத்துக்குள் நிதானமாக ஒருமுறை வாய்விட்டுப் படித்து முடிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் சொல்லைக் குறையுங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். முனிவரின் மகள் சுனிதா தன் அப்பாவைக் கூப்பிடும் இடத்தில் ‘தந்தையே’ வேண்டாம், ‘அப்பா’ என்றே போடுங்கள். அந்த அப்பா கொலையாகும்போது சபைக்கு வலிக்க வேண்டும்.

கெடிலக்கரை:
தாராளமாக வாசிக்கச் சொல்லலாம். மத்தளம், முகவீணை என்ற சின்னக் குழல், ஆர்மோனியம், தாளம் போதும். பகடை ஆட்டத்தில்தான் கவனம் வேண்டும். காய் விழும்போதெல்லாம் மத்தளம் அடித்தால் சபை சிரித்துவிடும், கோமாளி விழுவதற்கு அடிப்பது மாதிரி ஆகிவிடும். கை காயைக் குலுக்கும்போது சுருதி மட்டும் நிற்கட்டும். காய் உருண்டு நிற்கும், எதிராளி முகம் வரும். அந்த முகம் மாறிய பிறகு ஒரே அடி.

ஏசி அரங்கில் தோல் இறுகிச் சுருதி ஏறும். வெளியே கடற்காற்றில் சேர்த்த சுருதி உள்ளே நிற்காது. ஏசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து, அங்கேயே சேர்க்கச் சொல்லுங்கள். கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் மாதிரி ஒருவர் பக்கத்தில் நின்று கதை சொன்னால் பெரியவர்களுக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

வாசகஅட்டை:
கதை சொல்பவர் அட்டையை மட்டும் படிக்கட்டும். முகம் திரையில் இருக்கும்போது பேசக் கூடாது என்பதில் உறுதியாக இருங்கள். ராஜா ரஞ்சித் சூதில் தோற்று நிற்கும் காட்சிக்கு விளக்கம் சொன்னால் நடிப்பு செத்துப்போகும்.

ரீல்பெட்டி:
புதுப்பித்த பிரதியில் வரும் இசை நிதின் சாஹ்னியுடையது. படம் பழையதாக இருந்தாலும் அந்த இசைக்குத் தனி உரிமை உண்டு, ஒலியை முழுக்க அடைத்துவிடுங்கள். மேளக்காரர்களைத் திரைக்கு இடப்பக்கம் சாய்வாக உட்கார வையுங்கள். குறிப்புத் தாளுக்கு ஒரு மஞ்சள் விளக்கு போதும், தாளைப் பார்த்துத் தாழ்ந்திருக்க வேண்டும். வெளிச்சம் திரையில் பட்டால் இரவுக் காட்சிகள் வெளுத்துவிடும். பல்பு வைத்த புரொஜெக்டர் என்றால் யுபிஎஸ் கட்டாயம். கரண்ட் போய் வந்ததும் சூடான பல்பு உடனே பிடிக்காது, ஆறும்வரை சபை இருட்டில் காத்திருக்க வேண்டியதுதான்.