கோயம்புத்தூர்ல பார் தொடங்கினா சரக்கு எங்கே எடுக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கொங்கு_ரிட்டர்ன்:
வணக்கம். பெங்களூர்ல ஒரு சிஎல்-9 (தனியார் பார், ரெஸ்டாரன்ட் லைசென்ஸ்) பார்ல மேனேஜரா இருந்துட்டு ஊருக்கே வந்துட்டேன். அவிநாசி ரோட்டுப் பக்கம் சொந்த இடம் இருக்கு. கீழே சாப்பாடு, மாடியில பார்னு யோசனை. அங்கே கேஎஸ்பிசிஎல் (கர்நாடக அரசோட மது மொத்த விற்பனைக் கழகம்) டிப்போவுல இன்டென்ட், அதாவது ஆர்டர் போட்டுப் பணம் கட்டி லோடு எடுப்போம். இங்கே யார்கிட்ட எடுக்கணும்? கம்பெனிக்காரங்க நேரா தருவாங்களா? டாஸ்மாக் கடையை ஒட்டி பார் நடத்துறாங்களே, அவங்க எப்படி வாங்குறாங்க? புதுச்சேரியோட மாஹேல விலை கம்மின்னு ஒரு நண்பர் வேற ஆசை காட்டுறார்.

ஸ்டோர்_சாவி:
தம்பி, மாஹேயை இப்பவே மறந்துடுங்க. அங்கே விலை கம்மிங்கிறது நிஜம், வரி கம்மி. ஆனா அந்தச் சரக்கை இங்கே கொண்டுவந்து வித்தா அதுக்குப் பேரு கடத்தல். பாட்டிலோட வண்டியும் போயிடும்.

நான் திருப்பூர்ல ஒரு நட்சத்திர ஓட்டல் பார்ல ஸ்டோர் பார்த்தவன். எஃப்எல்-3 லைசென்ஸ். சரக்கு வர்றதுக்கு ஒரே வாசல்தான், டாஸ்மாக். 1983ல இருந்து மொத்த வியாபாரம் முழுக்க அவங்க கையில. மதுவிலக்குச் சட்டத்தோட 17-சி பிரிவு அப்படி உரிமை கொடுக்குது. (1937ல ராஜாஜி கொண்டுவந்த அதே சட்டம்தான். குடியை ஒழிக்க வந்த சட்டத்தை வெச்சுத்தான் இத்தனை விற்பனையும் நடக்குது.) கம்பெனி ரெப்பு வருவார், டீ குடிப்பார், புது பிராண்டைப் பத்திப் பேசுவார். பார்ல ஒரு பாட்டில் நேரா இறக்க அவரால முடியாது.

பெங்களூர்லயும் 2003ல இருந்து மொத்த விற்பனை அரசு கையிலதான், அது உங்களுக்கே தெரியும். அதனால வாங்குற இடத்துல ரெண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. யாருக்கு லைசென்ஸ் கிடைக்கும்ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. அங்கே தனியார் ஒருத்தர் சிஎல்-9 எடுத்து பார், ரெஸ்டாரன்ட் நடத்தலாம். இங்கே கிளப்புக்கு எஃப்எல்-2, நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்எல்-3, சுற்றுலா வளர்ச்சிக் கழக ஓட்டலுக்கு எஃப்எல்-3ஏ. கீழே சாப்பாடு மேலே பார்ங்கிற உங்க திட்டம் இதுல எதுலயும் உட்காராது.

அடுத்து அந்த ஒட்டு பார். அதை நடத்துறவர் சரக்கு எங்கேயும் வாங்குறதே இல்லைங்க, வாங்கவும் கூடாது. 2003 நவம்பர்ல சில்லறை விற்பனையும் டாஸ்மாக்குக்குப் போனதும் வந்த ஏற்பாடு இது. பார்காரர் டெண்டர் எடுக்கிறது தின்பண்டம் விக்கவும் காலி பாட்டில் சேர்க்கவும்தான். குடிக்கிறவர் கடை ஜன்னல்ல குவார்ட்டர் வாங்கிட்டு உள்ளே வந்து உட்காரணும், சுண்டலுக்கும் ஆம்லெட்டுக்கும் பார்ல காசு கொடுக்கணும். காகிதத்துல அவ்வளவுதான் வியாபாரம்.

கடை திறக்கிறது பகல் 12 மணிக்கு. காலையிலேயே கை நடுங்கிட்டு வர்றவர் அதுவரைக்கும் நிப்பாரா? அந்த நேரத்துல பார்ல இருந்து கூடுதல் விலைக்குப் பாட்டில் வெளியே வரும். அது யார்கிட்ட வாங்கினது, எந்த பில்லு, எந்த ரிஜிஸ்டர்? எதுவும் கிடையாது. 2023 மே மாசம் தஞ்சாவூர்ல கடை திறக்கிறதுக்கு முன்னாடியே பார்ல வாங்கிக் குடிச்ச ரெண்டு பேர் செத்தாங்க. பரிசோதனையில சயனைடுன்னு வந்துச்சு. அது எப்படிக் கலந்துச்சுங்கிற விவாதத்துக்கு நான் வரலை. ஆனா நேரம் கெட்ட நேரத்துல அந்த பார்ல சரக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்கணுமில்ல?

எங்க ஸ்டோர்ல அது நடக்காது. நாங்க உத்தமர்கள்னு சொல்ல வரலை, கணக்கு விடாது. பில்லைப் பார்த்து, ஹாலோகிராம் ஸ்டிக்கரைப் பார்த்து எண்ணி உள்ளே வைப்போம். ஒரு ஃபுல்லுக்கு 750 மில்லி, 30 மில்லி பெக்குல 25. ராத்திரி க்ளோசிங்ல பாதி பாட்டிலைக்கூட அளந்து எழுதணும். கலால் ஆபீசர் எப்ப வந்து கேட்டாலும் ரிஜிஸ்டரைக் காட்டணும். என்னைக் கேட்டா, பார் நடத்த ஒருத்தரை விட்டா சரக்கு வாங்கவும் அவரை விடணும், டாஸ்மாக்கிட்டயே வாங்கட்டும், கணக்கோட. வாங்க உரிமை இல்லாத ஆளை பார்ல உட்கார வெச்சா அவர் சுண்டல் மட்டும் வித்துட்டுப் போவார்னு நம்புறது வீண்.

பாலக்காட்டான்:
அண்ணன் சொல்றது எங்க ஊருக்கும் பொருந்தும். கேரளாவுல பார் தனியார், சரக்கு மட்டும் பெவ்கோ (அரசோட மதுக் கழகம்) கிடங்குல. 2014ல ஐந்து நட்சத்திரத்தைத் தவிர மத்த பாரையெல்லாம் மூடி, 2017ல மூணு நட்சத்திரம் வரைக்கும் திரும்பத் திறந்தாங்க. எடுக்கிற இடம் மட்டும் மாறவே இல்லை.

வழக்கு_வாய்தா:
ஒட்டு பார் பத்தி ஒரு சேர்க்கை. 2022 பிப்ரவரியில சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, டாஸ்மாக்குக்கு மொத்த, சில்லறை விற்பனை உரிமைதான் இருக்கு, பார் நடத்த விட அதிகாரம் இல்லை, ஆறு மாசத்துல மூடுங்கன்னு உத்தரவு போட்டார். விஷயம் மேல்முறையீட்டுக்குப் போச்சு. பார் இன்னும் நடக்குது.

கொங்கு_ரிட்டர்ன்:
ரொம்ப நன்றிங்கண்ணா. 2023ல கல்யாண மண்டபத்துக்கெல்லாம் அனுமதின்னு ஒரு செய்தி வந்துச்சே, அந்த வழியில ஏதாவது?

ஸ்டோர்_சாவி:
அது அந்த ஏப்ரல் மாசமே எதிர்ப்பு வந்து, மண்டபத்தை எடுத்துட்டாங்க. மாநாடு, சர்வதேச விளையாட்டுப் போட்டி மாதிரி நிகழ்ச்சிக்கு மட்டும் சிறப்பு லைசென்ஸ். உங்களுக்கு உதவாது. இடம் பெருசா இருந்தா ரூம் கட்டி, மத்திய சுற்றுலா அமைச்சகத்துல நட்சத்திரச் சான்றுக்குப் போடுங்க, அப்புறம் எஃப்எல்-3 பேசலாம். மாடிக்குன்னு பார் கவுன்டருக்கு இன்டீரியர்காரர்கிட்ட அட்வான்ஸ் ஏதும் கொடுத்துடாதீங்க.