செட்டா, ரன்னா? இன்னும் எத்தனை நாளைக்கு இந்த 430?

ஜூரோங்வாசி:
வாட்ஸப்பில் மறுபடியும் அதே பார்வர்டு. ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள சொல் செட்டாம் (set), 430 அர்த்தமாம். படித்ததுமே எரிச்சல். அது 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இரண்டாம் பதிப்பின் கணக்கு. 2011இல் ரன் (run) என்ற சொல்லைத் திருத்தி எழுதி முடித்தபோது வினைச்சொல்லுக்கு மட்டுமே 645 வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். பார்வர்டு பண்ணுகிறவர்களுக்கு ஒன்பது விநாடி தேடிப் பார்க்க முடியவில்லை.

தேக்கா_தாத்தா:
தம்பி, கின்னஸில் ஏறியது செட்தான். ஆக்ஸ்ஃபோர்டில் அந்தச் சொல்லுக்கான விளக்கமே 60,000 சொல் நீளம். கின்னஸ்காரனுக்குத் தெரியாதது உமக்குத் தெரிந்துவிட்டதாக்கும்!

ஜூரோங்வாசி:
கின்னஸ் பார்த்ததும் அதே 1989 பதிப்பைத்தான் ஐயா. 645.

கிளமெண்டி_அக்கா:
மூக்கு ஒழுகினாலும் ரன், பஸ் ஓடினாலும் ரன், கடை நடத்தினாலும் ரன். தேர்தலில் நாம் நிற்கிறோம், அவர்கள் ஓடுகிறார்கள்! செட்டும் லேசுப்பட்டதில்லை. சூரியன் மறைந்தாலும் செட், முறிந்த எலும்பைப் பொருத்தினாலும் செட். நேற்று ஃபிரிட்ஜில் வைத்த அகார் அகார் ஜெல்லி மட்டும் இன்னும் செட் ஆகவில்லை.

தேக்கா_தாத்தா:
அப்படிச் சொல்லும்மா! கோப்பிக்கடையில் போய் ஒரு ரன் கொடு என்று கேட்டுப் பாருங்கள். செட் என்றால் காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை இரண்டு, கோப்பி எல்லாம் மேசைக்கு வந்துவிடும்.

ஜூரோங்வாசி:
அது பெயர்ச்சொல். நான் சொல்வது வினைச்சொல். வினைச்சொல்லில் 645. எத்தனை தடவை எழுதுவது?

செந்தமிழ்ப்பித்தன்:
அர்த்தம், அர்த்தம் என்கிறீர்களே, பொருள் என்று எழுதக் கை வராதா? நம் 'படி' ஒன்று போதும். ஏறுகிற படி, அரிசி அளக்கிற படி, பாடம் படி, தூசி படி, கைப்படி.

கிளமெண்டி_அக்கா:
பொருள் என்று எழுதினால் முஸ்தபா கடையில் வாங்கிய சாமானா என்று கேட்பார்கள்.

ஜூரோங்வாசி:
பித்தரே, ஐந்தைச் சொல்லிவிட்டு 645ஓடு மோத வருகிறீரே! சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் அகராதி இருக்கிறது, எண்ணிவிட்டு வாரும். இடியாப்பத்தின் மலாய்ப் பெயர்தான் புட்டுமாயம்; போன மாதம் அது வேறு, இது வேறு என்று அடித்துப் பேசியவர்தானே நீர்?

செந்தமிழ்ப்பித்தன்:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் சொன்னது இங்கே சிங்கப்பூரில் அதைச் சாப்பிடும் முறையைப் பற்றி. தேங்காய்த்துருவலும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுத்தானே தருகிறார்கள்? பாதியை வெட்டி ஒட்டுவதே உமக்கு வேலை.

தேக்கா_தாத்தா:
இடியாப்பத்தை விடுங்கள். 22 வருடம் தள்ளி எண்ணியதை வைத்து ரன்னுக்கு மாலை போடுவது என்ன நியாயம்? செட்டையும் புதிதாக எண்ணட்டும், அப்புறம் பேசுவோம்.

ஜூரோங்வாசி:
எண்ணும்போது எண்ணட்டும். இன்றைக்கு 645.

தேக்கா_தாத்தா:
60,000 சொல். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவீர்.

ஜூரோங்வாசி:
நீளத்தை யார் கேட்டது? பித்தரே, புட்டுமாயம் பதிவை முழுதாகவே எடுத்து ஒட்டுகிறேன், எங்கும் போய்விடாதீர்.